செங்கம் சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு

1950 ஏப்ரல் 14 இரவு, ரமண மகரிஷி மறைந்த நேரத்தில் திருவண்ணாமலையின் அருணாசல மலைக்கு மேலே ஓர் ஒளி நகர்ந்துபோனதைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். மணி 8.47 என்று குறித்துவைத்தவர் அவர். ரமணரின் கடைசி நாட்களைப் படம் பிடிக்க வந்திருந்தார். அதே மனிதர் 1948 ஜனவரி 30 அன்று தில்லி பிர்லா மாளிகையில் காந்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். ஓடித் திரும்பி, அந்த இரவையும் மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் படமாக்கினார். ஒரு கொலையும் ஓர் இயற்கையான மறைவும் இரண்டே கால் ஆண்டு இடைவெளியில் ஒரே கேமராவுக்குள் போயின.

ரமணாசிரமத்தில் ரமணரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். கூடவே இன்னொரு கேமராவும். அது சினான் என்ற ஜப்பான் கேமரா. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில், அதை வைத்திருந்த இளைஞன் ஹரிபாபுவின் உடலோடு கிடந்தது. ராஜீவ் காந்தியைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு முதல் பதிலைக் கொடுத்தது அந்த கேமராதான்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு எதிர்ப்புறமும் பக்கவாட்டிலும் இருக்கும் கடைகளில் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். காலையில் மலைக்குப் போவது, பழைய ஹாலில் உட்கார்வது, மாலையில் பாராயணம் கேட்பது, இடையில் டீயும் பேச்சும். மௌனத்தைத் தேடி வந்தவர்கள் இவ்வளவு பேசுகிறார்களே என்று எனக்கு எப்போதும் வியப்பு. ஒருநாள் பேச்சு கென்னடி கொலைக்குப் போனது. எழுபதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர், 1963இல் தான் பள்ளிக்கூடத்துப் பையன் என்றும், ஆஸ்வால்ட் தனியாளாகச் செய்தான் என்று வாரன் கமிஷன் சொன்னதைத் தன் வீட்டில் யாரும் நம்பவில்லை என்றும் சொன்னார். 1979இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே சதி இருந்திருக்கக்கூடும் என்று எழுதிவிட்டது, அப்புறம் எப்படி நம்புவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

டீக்கடைக்காரர் ஆங்கிலம் புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தார். கென்னடி என்ற பெயர் காதில் விழுந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவங்க ஊரை விடுங்க சார். நம்ம ராஜீவ் காந்தி கேஸ எடுத்துக்குங்க. அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துல எத்தன பெரிய தலைவருங்க. ஒருத்தருக்காவது ஒரு கீறல் உண்டா? வெளங்குதா இல்லையா?"

தமிழ்நாட்டில் எந்த ஊர் டீக்கடையிலும் இந்தக் கேள்வி கிடைக்கும். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு நானே சில சமயம் தலையாட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகத்தான், திருவண்ணாமலையில் இருந்து வேலூர் சிறை வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு பயணம் போனேன்.

கிளம்புவதற்கு முன் இந்தச் சாலையிலேயே பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இங்கே தங்கும் வெளிநாட்டவர் ஊரோடு பேசுவதற்கு ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத்துதான் கதி. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு, ஓடும் மீட்டர். அந்த பூத்துகளை நாடெங்கும் கொண்டுவந்த தொலைபேசிப் புரட்சி ராஜீவின் ஆட்சிக் காலத்தில் சாம் பித்ரோடாவை வைத்து நடந்தது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது அவருடைய அரசு. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தர அவர் கொண்டுவந்த மசோதா 1989இல் மாநிலங்களவையில் தோற்றது. அவர் செத்த பிறகு நரசிம்ம ராவ் ஆட்சியில் 73ஆவது திருத்தமாக நிறைவேறியது. அவர் தொடங்கிய நவோதயா பள்ளிகள் மட்டும் இருமொழிக் கொள்கையின் காரணமாகத் தமிழ்நாட்டுக்குள் வரவில்லை. 1984 சீக்கியப் படுகொலையும் போஃபர்ஸும் அதே கணக்குப் புத்தகத்தின் மறுபக்கம்.

தமிழர்களுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வரி உண்டு. அதைப் பார்க்கக் கிரிவலப் பாதையை ஒட்டிய அத்தியந்தலுக்குப் போனால் போதும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு பெயரை மாற்றியதிலிருந்து மறுவாழ்வு முகாம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் கிரிவலம் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேரோ. முகாம்காரர் ஒருவர், வயதான அம்மா, கடைத்தெருவில் பழக்கம். 1987 ஜூலை 29 ஒப்பந்தம், அதன்பின் போன இந்திய அமைதிப்படை, யாழ்ப்பாணத்தில் அந்தப் படையே போர் தொடுத்தது என எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்த்தவர். மே 21ஐப் பற்றிக் கேட்டேன்.

"அந்த ஒரு இரவோட எல்லாம் மாறிப்போச்சு தம்பி. அதுக்கு முதல் எங்களை இஞ்ச விருந்தாளி மாதிரித்தான் பார்த்தவை. பிறகு வாடகைக்கு வீடு கேட்டாலும் ஒருமாதிரிப் பார்ப்பினம்."

யார் பின்னால் இருந்து செய்தார்கள் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கான விலையைக் கொடுத்த இடத்தில் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை.

திருவண்ணாமலையில் இருந்து வேலூர் பஸ் போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போகும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பாகாயம், தொரப்பாடி. தொரப்பாடியில்தான் மத்தியச் சிறை, பக்கத்திலேயே பெண்கள் சிறை. பஸ்ஸில் பத்துப் பேர் இறங்கினால் இரண்டு மூன்று பேர் கையில் பையோடு மனு பார்க்கப் போகிறவர்களாக இருப்பார்கள். ஜோலார்பேட்டை அற்புதம்மாள் இப்படித்தான் ஆண்டுக்கணக்காக வந்துபோனார். அவர் மகன் பேரறிவாளன் ராஜீவ் கொலை வழக்கில் 1991 ஜூன் 11 அன்று பிடிபட்டபோது வயது 19. குற்றச்சாட்டு, வெடிகுண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தது.

அந்த பேட்டரிக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதற்கு வாங்குகிறோம் என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை, வாக்குமூலம் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் எழுதாமல் விட்டுவிட்டார். இதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு 2013இல் அவரே வெளியில் சொன்னார், பின்பு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். ஒரு வாக்கியம் விடுபட்டதில் ஒருவன் தூக்குக்கயிற்றின் கீழ் போய் நின்றான். 2011 செப்டம்பர் 9 இதே சிறையில் பேரறிவாளன் உட்பட மூவரைத் தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் அதை எதிர்த்துச் செங்கொடி என்ற பெண் தீக்குளித்து இறந்தார். இரண்டு நாளில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

வழக்கின் போக்கைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மொத்தமாகத் தூக்கு என்றது. அடுத்த ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது தடா சட்டத்துக்குள்ளேயே வராது என்று சொல்லி 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். தூக்குக் கைதிகளில் ஒருவரான நளினிக்குக் குழந்தை இருப்பதால் கருணை காட்டலாம் என்று ராஜீவின் மனைவி சோனியா சொல்ல, 2000இல் அவருடைய தண்டனை குறைந்தது. மற்ற மூவருக்கும் 2014இல் குறைந்தது. 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலை. 26இல் தொடங்கி ஏழில் வந்து நின்ற இந்தக் கணக்குதான் வதந்திக்கு உரம் போட்டது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் தூக்கு என்று ஒரு கோர்ட்டு, பெரும்பாலானவர்களுக்குச் சம்பந்தமில்லை என்று இன்னொரு கோர்ட்டு. நடுவில் நிற்கும் ஆள், உண்மை வேறெங்கோ இருக்கிறது என்றுதானே நினைப்பான்?

பிரியங்கா காந்தி 2008 மார்ச் 19 அன்று இந்தப் பெண்கள் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்தார். தன் தந்தையைக் கொன்ற வழக்கின் கைதியிடம் மகள் நேரில் போய்ப் பேசியதற்கும்கூட ஊரில் உள்நோக்கம் கற்பித்தார்கள். எனக்கு அது ஒரு மகளின் கேள்வியாகத்தான் தெரிகிறது. ரமணாசிரமத்தில் 1924இல் திருடர்கள் புகுந்து ரமணரைத் தொடையில் அடித்தபோது, திருப்பி அடிக்கக் கிளம்பிய பக்தரை அவர் தடுத்ததை இந்த வட்டாரத்தில் பெரிதாகச் சொல்வார்கள். மன்னிப்பைப் பற்றிக் கேட்டால் பரவசப்படுகிற நாம், கண்ணெதிரே ஒருத்தி அந்தப் பக்கம் ஓரடி வைத்தால் சந்தேகப்படுகிறோம்.

வேலூரிலிருந்து கிழக்கே வாலாஜா, காஞ்சிபுரம் விலக்கு, சுங்குவார்சத்திரம் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் கார், செல்போன் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் இடையில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே ராஜீவ் நினைவிடம். 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். சாய்ந்த வெயிலில் ஏழு கல்தூண்கள் நிற்கின்றன. வேலையிலிருந்து வந்த பெண்கள் இரண்டு பேர் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து போனில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1991இல் அவர்கள் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அந்த இரவு நடந்ததில் எவ்வளவு தெரியும் என்று இங்கே நின்று எண்ணிப்பார்த்தால், நாம் நினைப்பதைவிட நிறையவே தெரியும். விசாகப்பட்டினத்தில் விமானத்தின் தகவல் தொடர்புக் கருவி பழுதாகி, அன்று தங்கிவிடலாம் என்று ராஜீவ் கிளம்பியதும், பழுது சரியானதென்று கேட்டுத் திரும்பி வந்து தானே விமானத்தை ஓட்டிச் சென்னைக்கு வந்ததும் பதிவாகியிருக்கிறது. வழியில் போரூரிலும் பூந்தமல்லியிலும் பேசினார். மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்கத்தான் இந்த ஊருக்கு வந்தார். இந்திரா சிலைக்கு மாலை போட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தார். தணு என்ற பெண்ணை அனுசுயா என்ற பெண் காவலர் தடுத்தார், ராஜீவ் விடச் சொன்னார். அவள் கட்டியிருந்த பெல்ட் பாம் வெடித்தது. மணி பத்து இருபது.

ஹரிபாபுவின் கேமராவில் பத்துப் படங்கள் இருந்தன. கையில் சந்தன மாலையோடு நிற்கும் தணு. பக்கத்தில் குர்தா பைஜாமா போட்டு, பத்திரிகைக்காரன் போலக் குறிப்பேடு வைத்திருந்த ஆள், அதாவது விடுதலைப் புலிகளின் ஒற்றைக்கண் சிவராசன். கடைசிப் படத்தில் வெடிப்பின் தீ. அந்த மாலையை ஹரிபாபுவே மவுண்ட் ரோடு பூம்புகார் கடையில் 65 ரூபாய்க்கு வாங்கிய ரசீது அவன் வீட்டில் கிடைத்தது. கொலைக்கு இரண்டு வாரம் முன்பு, மே 7 அன்று நந்தனத்தில் வி.பி. சிங் கூட்டத்துக்குப் போய் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவைக் கொன்றவர்களில் இதே சிவராசன் இருந்தான். ஒரு கொலையை நடத்திவிட்டுச் சுலபமாகத் தப்பித்துப் போன ஆள் அடுத்ததற்குத் திரும்பி வந்தான். சதிக் கதைகளில் இந்தத் தகவல் அதிகம் பேசப்படுவதில்லை. வெளிநாட்டு உளவாளியைத் தேடுவது சுவாரசியம்; நம் ஊர் போலீஸ் ஒருவனைக் கோட்டை விட்டதைப் பேசுவதில் சுவாரசியம் இல்லை.

கென்னடி கொல்லப்பட்ட டல்லாஸில் நடந்ததற்கு நேர் எதிர் இது. அங்கே ஆப்ரகாம் சப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தற்செயலாக எடுத்த 26 நொடிப் படச்சுருள்தான் சந்தேகங்களுக்கெல்லாம் மூலம். தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, குண்டு எங்கிருந்து வந்தது என்று அறுபது வருஷமாக ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கிறார்கள். இங்கே கேமரா, செய்தது யார் என்பதை மூன்று மாதத்துக்குள் கர்நாடகம்வரை துரத்திப் பிடிக்க வழி காட்டியது. சந்தேகம் அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது.

பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசன் இருந்த வீட்டை ஆகஸ்ட் 19 அன்றே சுற்றி வளைத்தும், உள்ளே போனது மறுநாள் காலையில். ஏழு பிணங்கள். அன்று ஆகஸ்ட் 20, ராஜீவின் பிறந்தநாள். ஏன் காத்திருந்தார்கள்? உயிரோடு பிடித்தால் யார் பெயர் வெளியே வந்திருக்கும்? ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தை எடுத்த வீடியோ கேசட் ஒன்று மறைக்கப்பட்டது என்று, வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியாக இருந்த ரகோத்தமனே புத்தகத்தில் எழுதினார். சந்திராசாமி என்ற சாமியாரை விசாரிக்க வேண்டும் என்று, கொலைச் சதியை விசாரித்த ஜெயின் கமிஷன் சொன்னது. ராஜீவின் உயிருக்கு ஆபத்து என்று யாசர் அரஃபாத் எச்சரித்ததாக அந்தக் கமிஷனில் சாட்சியமே வந்தது. இவை டீக்கடை வதந்திகள் இல்லை, பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள் பதிவு செய்தவை. அதனால் இவற்றை வைத்துக் கேள்வி கேட்கிறவனை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

டீக்கடைக்காரரின் கேள்வி வேறு ரகம். மேடைக்குப் போகும் சிவப்புக் கம்பளத்தில் ராஜீவைச் சுற்றி இருந்தவர்களில் அவரோடு வந்த பாதுகாவலர் பிரதீப் குப்தா செத்தார். காஞ்சிபுரம் எஸ்.பி. முகமது இக்பால் செத்தார். ராஜீவையும் சேர்த்து மொத்தம் 18 பேர். அதில் ஒன்பது பேர் போலீஸ்காரர்கள். உள்ளூர்க் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். பெல்ட் பாமின் குண்டுகள் தலைவரா தொண்டரா என்று பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைத்தான் பார்த்தன. அன்று பெரிய தலைவர்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவே. ஆட்சி போனதும் அவருக்கு இருந்த எஸ்.பி.ஜி. பாதுகாப்பு விலக்கப்பட்டிருந்தது என்பதும், அவர் செத்த பிறகுதான் முன்னாள் பிரதமர்களுக்கும் அது வேண்டுமென்று சட்டம் திருத்தப்பட்டது என்பதும், 'ஏன் கீறல் இல்லை' என்பதைவிட வலுவான குற்றச்சாட்டுகள். பாதுகாப்புக் குறைபாட்டை விசாரித்த வர்மா கமிஷனின் அறிக்கையை எத்தனை பேர் புரட்டியிருப்போம்?

இந்தக் கொலையின் மீதான சந்தேகம் அரசியல்வாதிகளுக்குச் சில்லறைக் காசு போலப் பயன்பட்டிருக்கிறது, தேவைப்படும்போது எடுத்துச் செலவழிக்க. 1991 ஜூன் 15 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது. கொலைக்கு நாலு மாதம் முன்பே, ஜனவரி 30 அன்று அதன் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1997இல் ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை கசிந்ததும், தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்று காங்கிரஸ் பிடிவாதம் பிடித்துக் குஜ்ரால் ஆட்சியைக் கவிழ்த்தது. ஏழு வருஷத்தில், 2004இல், அதே இரண்டு கட்சிகளும் ஒரே மேடையில். அறிக்கை மாறவில்லை, கூட்டணி மாறியது. புலிகள் பக்கமும் நேர்மையான பதில் வரவில்லை. 2002இல் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன்னால் புலிகள் தலைவர் பிரபாகரன் அதைத் 'துன்பியல் சம்பவம்' என்று சொல்லிக் கடந்துபோனார். 1993 மே தினத்தன்று கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாசாவை இதே முறையில் ஒரு தற்கொலையாளி கொன்றதற்கும், அதற்கு ஒரு வாரம் முன் இலங்கை அரசியல்வாதி லலித் அத்துலத்முதலி சுடப்பட்டதற்கும் சேர்த்து, ஆளாளுக்கு ஒரு கதை கிளம்பியது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நோய் ஒன்றுதான்.

ஜெயின் கமிஷன் எழுப்பிய கேள்விகளைத் தொடர்ந்து விசாரிக்க 1998இல் பல்துறை கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். எம்.டி.எம்.ஏ. என்பார்கள். இருபது ஆண்டுக்கும் மேல் அது இருந்தது. என்ன கண்டுபிடித்தது என்று நாட்டுக்குச் சொன்னதில்லை. அவ்வப்போது சீல் வைத்த உறையில் சென்னை நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும், உறை அப்படியே இருக்கும். கடைசியில் 2022இல் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். கிடைத்தது என்றால் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க அரசு கென்னடி கோப்புகளைத் தவணை தவணையாக வெளியிட்டு, 2025 மார்ச்சில் பல்லாயிரம் பக்கங்களை ஒரே வீச்சில் திறந்துவிட்டது. அதனால் அங்கே சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. செங்கம் சாலை அமெரிக்கரே சாட்சி. ஆனால் அவர் சந்தேகப்படுவது படித்துவிட்டு. நாம் சந்தேகப்படுவது படிக்க ஒன்றும் கொடுக்கப்படாமல்.

விடுதலையான எழுவரில் சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னையில் ஊர் திரும்பக் காத்திருந்த நிலையில் இறந்தார். முருகன் உள்ளிட்ட மூவர் அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தண்டனைக் கதை முடிந்துவிட்டது. இனி இந்தக் கோப்புகளால் யாருடைய விசாரணையும் கெடப்போவதில்லை. எம்.டி.எம்.ஏ. அறிக்கைகளை மத்திய அரசு வெளியிட வேண்டும். வர்மா, ஜெயின் அறிக்கைகளையும் சேர்த்து, கொலை நடந்த மாநிலத்தின் மொழியில், தமிழில் வெளியிட வேண்டும். அன்று செத்த போலீஸ்காரர்களின், தொண்டர்களின் குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்கும் உரிமை உள்ளவர்கள். டீக்கடைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு.